செவல்குளத்துக்கு வந்த தீவு

செவல்குளத்துக் கண்மாய்க்குள் ஒரு தீவு வந்து உட்கார்ந்த வருஷத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை; பிள்ளை பிறந்ததையும் மாடு விற்றதையும் வீடு கட்டியதையும்கூட, தீவு வந்ததற்கு முன்னே, தீவு போனதற்குப் பின்னே என்றுதான் சொல்கிறார்கள். தீவு வந்ததைக்கூட விட்டுவிடலாம். வந்த தீவை ஒரு பெண்பிள்ளை நின்று பேசித் திருப்பி அனுப்பினாளே, அதுதான் பெரிய விஷயம். அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் பயணத்துக்கு ஆசைப்பட்ட நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

அவள் பேர் வேலுத்தாய். கண்மாய்க் கரையில் டீக்கடை வைத்திருந்த சங்கிலியின் பெண்சாதி. நாற்பதைத் தாண்டியவள், ஆள் ஒல்லி, ஆனால் இந்தக் கரையில் நின்று அவள் குரல் கொடுத்தால் அந்தக் கரையில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கும். மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த காலம் அது. நூறு நாள் வேலையில் கண்மாயை ஆழப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். வேலுத்தாயும் அவள் சேக்காளிகளுமாகப் பதினோரு பேர், ஒரே வரிசையில் நின்று மண் வெட்டிச் சுமந்து கரையில் கொட்டினார்கள். கருவேல மர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்த ஒரு மத்தியானத்தில், அவர்களில் இளையவளான ஜெயராணி தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில்தான் வெள்ளைச்சிப்பித் தீவு இருந்தது. அந்தமானுக்கும் அப்பால் இருக்கிற தீவு, கல்யாணமான ஜோடிகளும் பேங்க் மேனேஜர் குடும்பங்களும் போகிற தீவு, பால்மாவைக் கொட்டிவைத்த மாதிரி மணலும், சொட்டு நீலம் கலந்த மாதிரித் தண்ணீரும், அந்தத் தண்ணீரின்மேல் குனிந்து முகம் பார்க்கிற தென்னைகளுமாக ஒரு தீவு.

மற்றவர்கள் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். வேலுத்தாய் கை கழுவாமலே இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

அவள் கடல் பார்க்காதவள் இல்லை. புருஷன் கால் முறிந்து எழுந்தபோது திருச்செந்தூர் போயிருக்கிறாள். மகனுக்கு மொட்டை போடப் போயிருக்கிறாள். மாமியார் சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் தண்ணீருக்குள் இறங்க, அவள் கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருந்தாள். கடலை அவள் பார்த்ததெல்லாம் அடுத்தவர் துணிமணிகளுக்கு மேலாகத்தான். யாருக்காகவும் இல்லாமல், எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல், ஒரு இடத்துக்குப் போவது என்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அதைச் சொல்லியும்விட்டாள்.

"நாம பதினோரு பேரும் இங்க போவோம்."

சிரித்தார்கள். அவர்களில் மூத்தவளான பேச்சியக்காவுக்குப் புரையே ஏறிவிட்டது. ஊராட்சித் தலைவர் தவசிலிங்கம் காதுக்கு இது போனபோது, கடல்தானே பார்க்க வேண்டும், சாயல்குடிப் பக்கம் டவுன் பஸ்ஸில் போனால் ஆயிற்று, இதற்கு எதற்குக் கப்பல் என்று கேட்டார். சங்கிலி கடையில் டீ குடிக்க வந்தவர்கள் அவனைப் பார்த்து, உன் சம்சாரம் கப்பலேறப் போகிறதாமே என்று கேட்பதை வாடிக்கையாக்கிக்கொண்டார்கள். அவன் டீயை இன்னும் கொஞ்சம் உயரமாக ஆற்றினான்.

ஆனால் வேலுத்தாய் ஒன்றை நினைத்தால் அதை மண் வெட்டுகிற மாதிரிதான் செய்வாள், கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தாமல். விமானம் நமக்கு ஆகாது, சென்னையிலிருந்து கப்பல் போகிறது, அதில் அடித்தட்டில் படுக்கை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்தாள். மார்கழி தை மாசங்களில் கூட்டம் முட்டும், எல்லாம் இரட்டை விலை. சித்திரைக் கடைசியில், கடல் கொந்தளிக்கிறதுக்கு முன்னால் போனால் பாதிக்குப் பாதி என்று தெரிந்துகொண்டாள். தீவுக்குத் தீவு போகத் தனியார் படகு வேண்டாம், சர்க்கார் படகில் போகலாம். தீவுக்குள் வண்டி வேண்டாம், நமக்குக் கால் இருக்கிறது. சாப்பாட்டுக்கு இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கருவாடு, ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் அரிசி. தங்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. ஜெயராணி போனிலேயே தேடித் தேடி, தூத்துக்குடியிலிருந்து அந்தத் தீவுக்குக் கல்யாணமாகிப் போன பிலோமினா என்கிறவளைக் கண்டுபிடித்தாள். வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவள் அவள். பாயும் தலையணையும் தருவேன், அடுப்பும் தருவேன், சமைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் பதினோரு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். இன்றைக்கு அங்கே காற்று எப்படி, என்ன மீன் கிடைத்தது, தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பிலோமினாவிடம் கேட்பார்கள். அவள் சலிக்காமல் சொல்வாள்.

பணத்துக்கு வேலுத்தாய் கண்ட வழி வெள்ளாட்டுக்குட்டி. ஆளுக்கொரு பெட்டைக் குட்டி வாங்கி வளர்த்தார்கள். அவற்றுக்குக் கப்பல்குட்டி என்றே பேர். கப்பல்குட்டியை யாரும் எந்த அவசரத்துக்கும் தொடக்கூடாது என்று அவர்களுக்குள் சத்தியம். பேச்சியக்காவின் மகன் பைக் வாங்கக் கேட்டபோது, அந்தக் கிழவி ஆட்டைக் கட்டிலின் காலில் கட்டி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். ஆடுகள் ஈன்றன, பெருகின, விலைபோயின. சென்னையில் ஓட்டல் வேலை பார்க்கிற ஜெயராணியின் தம்பி துறைமுக ஆபீஸில் வரிசையில் நின்று, பதினோரு டிக்கெட்டையும் எடுத்துவிட்டான்.

டிக்கெட் எடுத்த செய்தியைக் கேட்டு ஊர் வாயை மூடிக்கொண்டது. வேலுத்தாய் அன்றைக்குத் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், அவளுக்கு ஒரு சாண் உயரம் கூடியிருந்தது என்று சொல்வார்கள்.

அதற்கப்புறம்தான், பங்குனி மாசத்தில் ஒருநாள் விடியும்போது, தீவு வந்தது.

முதலில் பார்த்தது சங்கிலி. கடை திறக்கப் போனவன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பெண்கள் வெட்டி ஆழமாக்கிய கண்மாயின் நடுவில் வெள்ளைச்சிப்பித் தீவு கிடந்தது. தென்னைகள் அப்படியே, மணல் அப்படியே, ஓலைக்கூரை வேய்ந்த லாட்ஜுகளும் மாதா கோயிலும் நாய்களும் அப்படியே. வரும்போது அது தன் கடலில் ஒரு பங்கையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. தெரு அகலத்துக்கு ஒரு நீலப்பட்டை தீவைச் சுற்றி அலையடித்துக்கொண்டு நின்றதே தவிர, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் ஊர் மண்ணில் இறங்கவில்லை. தீவின் கரையில் ஒரு பொம்பளை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சங்கிலியைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்டாள். செவல்குளம் என்று சொன்னான். அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியானால் வேலுத்தாயைக் கூப்பிடுங்கள், பிலோமினா வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. தினமும் சாயங்காலம் பதினோரு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது வராமல் என்ன செய்யும் என்று பூசாரி சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதைவிட முக்கியமான சங்கதிகள் இருந்தன. தீவு யாருடைய எல்லைக்குள் வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் அளவுச் சங்கிலி போட்டு அளந்துவிட்டு, இதைப் புறம்போக்கு என்று எழுதுவதா ஆக்கிரமிப்பு என்று எழுதுவதா என்று தெரியாமல் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். பங்குனிப் பொங்கலுக்கு வரி போடும்போது, தீவில் இருக்கிற குடும்பங்களும் ஊர்த் தலைக்கட்டில் சேர்த்தியா என்று கேள்வி வந்தது. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்களிடம் அம்மன் வரி வாங்கலாமா என்று சிலர் யோசிக்கும்போதே, தீவுக்காரர்கள் வரிக்குப் பதிலாக ஒரு கூடை மீனைப் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து, சுமந்துபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டார்கள். அம்மனுக்குக் கிடாவெட்டு உண்டு, மீனும் சேர்ந்தால் தப்பில்லை என்று முடிவாயிற்று. தீவுப் பிள்ளைகள் செவல்குளம் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டவுன் பஸ்ஸின் பலகையில் 'வழி: தீவு' என்று சேர்த்து எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. தவசிலிங்கம் ஊர் முகப்பில் 'தீவுக்கு நல்வரவு' என்று வளைவு கட்டினார். கார் நிறுத்துகிற இடத்தைக் குத்தகைக்கு விட்டார். நீலப்பட்டையைக் கடக்கப் பனைமரங்களை வெட்டிப்போட்டுப் பாலம் அமைத்தார். சங்கிலியின் டீக்கடை ஓட்டலாயிற்று. ஆயுசில் முதல் தடவையாகக் கூலிக்கு ஆள் வைத்தான், ஆயுசில் முதல் தடவையாக வேலுத்தாய்க்குப் பட்டுப்புடவை எடுத்துவந்தான். அவள் அதைத் தடவிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிப் பெட்டியில் வைத்தாள்.

அவள் தீவில் கால் வைக்கவில்லை. ஊரே போய்வந்துவிட்டது, ஆடுகள்கூடப் போய் மேய்ந்துவிட்டு வந்தன, அவள் போகவில்லை. கேட்டவர்களிடம் போகணும், போகணும் என்று சொல்லித் தட்டிக் கழித்தாள். ஜெயராணி ஒருநாள் ஆசை தாளாமல் போய் அந்த நீலத்தண்ணீரில் இறங்கினாள். போன வேகத்தில் திரும்பி வந்து வேலுத்தாயின் வீட்டு நடையில் ஈரத்தோடு உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"மதினி, அங்க இருந்து பார்த்தா நம்ம வீடு தெரியுது. கழுத்தளவு தண்ணியில நிக்கேன், எங்க மாமியா கரையில நின்னு, உப்பு டப்பாவ எங்கடி வச்சேன்னு கேக்குறாக."

வேலுத்தாய் சிரிக்கவில்லை. அவளுக்குள் பல நாளாகக் கிடந்து உறுத்தியது என்னவென்று அப்போது அவளுக்கே விளங்கியது.

அதற்கு மறுவாரம் தவசிலிங்கம் ஊர்ப் பொது மந்தையில் கூட்டம் போட்டார். இந்தத் தீவு நம் ஊருக்கு வந்ததே இந்தப் பதினோரு தாய்மார்களால்தான், அதனால் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், ஆயுசு முழுக்கத் தீவுக்கு இலவசமாகப் போய்வர அவர்களுக்கு அட்டை தரப் போகிறோம் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். இனிமேல் கப்பலும் தேவையில்லை, செலவும் தேவையில்லை, டிக்கெட்டை ரத்துசெய்தால் பாதிப் பணம் திரும்ப வரும், அதில் தீவில் ஆளுக்கொரு வளையல் கடை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். புருஷன்மார்களும் மகன்மார்களும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்ததும் வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினோரு பேரும் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதில் ஊருக்கே அவ்வளவு ஆறுதல்.

அவள் எழுந்து, பொன்னாடைக்கு ரொம்ப நன்றி, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் சங்கிலி கேட்டான். "வாசலுக்கு வந்ததை விட்டுட்டு மூணு நாளு கடல்ல போய் என்னத்தப் பாக்கப்போறே?"

"அது வந்துருச்சுங்க. நான் இன்னும் போகலையே."

அவனுக்கு அது புரியவில்லை. அல்லது புரிந்து, புரியாத மாதிரி இருந்தான். கடையில் வேலை கிடந்தது என்று போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவள் கண்மாய்க் கரையில் நின்று பிலோமினாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் நீலப்பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசினார்கள். தெரு அகலத்துக்கு இருந்த கடல் இப்போது மாட்டுவண்டி அகலத்துக்குச் சுருங்கியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள். வந்த புதிதில் வேடிக்கையாகத்தான் இருந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், மோர் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் ஆம்பிளைகள் படகை எடுத்துக்கொண்டு செக்குமாடு மாதிரி இந்தப் பட்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள், மீன் தீர்ந்துபோயிற்று, ஆமைகள் கரையேறுவதா வேண்டாமா என்று தெரியாமல் வட்டமடிக்கின்றன, அலை வரவர நோஞ்சானாகிக்கொண்டே போகிறது. தென்னங்குருத்து கருகுகிறது. போ, போ என்று நாங்களும் சொல்லிப் பார்த்தோம், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தோம், நகர மாட்டேன் என்கிறது.

"உங்களுக்காக வந்ததும்மா இது. நீங்க சொன்னாத்தான் கேட்கும்" என்றாள் பிலோமினா. அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்பு இருந்தது.

வேலுத்தாய் அன்றைக்குப் பூராவும் சேக்காளிகள் வீடு வீடாகப் போனாள். அவர்களுக்குள் பேச்சு நீண்டது. தீவு போய்விட்டால் ஊர் சும்மா விடாது என்று ஒருத்தி பயந்தாள். வளையல் கடை ஆசை ஒருத்திக்கு இருந்தது. பேச்சியக்காதான் கடைசியில் பேச்சை முடித்தாள். "எனக்கு அறுபது தாண்டிருச்சு. என்னை யாரும் எங்கயும் கூப்பிட்டதும் இல்ல, நான் போறேன்னு சொன்னதும் இல்ல. இப்பத்தான் சொல்லிருக்கேன். சொன்னது சொன்னதுதான்." 

மறுநாள் மத்தியான வெயிலில், தீவுக்கு வந்த கார்க்காரர்கள் நிழல் தேடி ஒதுங்கியிருந்த நேரத்தில், பதினோரு பேரும் கண்மாய்க்குள் இறங்கி, தாங்கள் வெட்டிய மண்ணின்மேல் நடந்து, நீலப்பட்டையின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். விஷயம் தெரிந்து ஊரும் பின்னாலேயே வந்துவிட்டது. தவசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். சங்கிலி கடையை விட்டு இறங்கி, கரையில் கரண்டியோடு நின்றான். வேலுத்தாய் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்ட சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மாதிரி, மரியாதை குறையாமல், அதே சமயம் விட்டுக்கொடுக்காமல், தீவைப் பார்த்துப் பேசினாள்.

"நீ எங்களைத் தேடி வந்தது எங்களுக்குப் பெருமைதான். இல்லேங்கல. இந்தப் பதினோரு பேரைத் தேடி இதுக்கு முன்னாடி எதுவும் வந்ததில்ல. ஆனா நாங்க உன் வீட்டுக்கு வாறோம்னு சொல்லியிருக்கோம். வாறோம்னு சொன்னவுகளுக்கு முன்னாடி நீயே கிளம்பி வந்து வாசல்ல நின்னுட்டா, நாங்க எங்க போறது? இவளுக எப்படிடா வரப்போறாளுகன்னு எரக்கப்பட்டு வந்தியோ என்னமோ. எரக்கம் வேண்டாம். ஆடு வளர்த்தோம், டிக்கெட் எடுத்தாச்சு, வழி கேட்டு வச்சிருக்கோம். நீ போய் உன் இடத்துல இரு. வாசலக் கூட்டித் தண்ணி தெளிச்சு வையி. நாங்க வாறோம்."

 தவசிலிங்கம்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். பல நாளாக நோஞ்சானாகக் கிடந்த அந்தக் கடல், ஒருதரம் மூச்சை இழுத்து, ஒரே ஒரு அலையை எழுப்பிப் பெண்களின் காலடிக்கு அனுப்பியது. வெள்ளை நுரையோடு அது நெருங்கி வந்தபோது வேலுத்தாய் புடவையைக் கொசுவிப் பிடித்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"இங்க வேண்டாம். அங்க வந்து நனைஞ்சுக்கிடுறோம்" என்றாள்.

அலை திரும்பிப் போயிற்று.

மறுநாள் விடியும்போது தீவு இல்லை. பாலத்துக்குப் போட்ட பனைமரங்கள் வெறும் மண்ணில் கிடந்தன. வெடித்த களிமண்ணில் வட்டமாக ஒரு உப்புக்கோடு மட்டும் வெள்ளையாக ஓடியது. அதையும் ஆடுகள் இரண்டு நாளில் நக்கித் தீர்த்துவிட்டன. வறண்ட கண்மாய்க்கு எதிரில் 'தீவுக்கு நல்வரவு' வளைவு நின்றது. விஷயம் தெரியாமல் வந்த கார்கள் அதைத் தாண்டி வந்து, கருவேல மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஊர் கோபப்பட்டது. வீடு தேடி வந்த லட்சுமியைத் துரத்தியவள் என்று வேலுத்தாயின் காதுபடப் பேசினார்கள். குத்தகை எடுத்தவன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனான். குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளிவைத்தார்கள். அவள் குடத்தைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள், எதிர்ப்பேச்சு பேசவில்லை, தலையையும் குனியவில்லை. பெரிய கஷ்டம் சங்கிலியால்தான். ஓட்டல் மறுபடி டீக்கடையாகிவிட்டது, கூலியாள் போய்விட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தை பேசாமல் வந்து சாப்பிட்டுப் போனான். இராத்திரிச் சாப்பாட்டைப் பரிமாறும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சரியானதைச் செய்தாலும் வீட்டுக்குள் இப்படிக் கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அதற்குள் பிலோமினா போன் செய்தாள். வந்து சேர்ந்துவிட்டோம், ஆம்பிளைகள் விடியுமுன்னே ஆழத்துக்குப் போய்விட்டார்கள், படகு நிறைய மீன் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நீங்கள் வாருங்கள், உங்களுக்கு நான் வாடகை வாங்கமாட்டேன் என்றாள். வேலுத்தாய் அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினதைக் கொடுத்துத்தான் தங்குவோம், மீன் வேண்டுமானால் கொடு என்றாள்.

சித்திரை முடிகிற தறுவாயில், பதினோரு பேரும் பைகளோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். ஒரே நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று ஜெயராணி சொல்லியிருந்தாள், வேண்டாம், அவரவர் பிரியத்துக்குக் கட்டுவோம் என்று வேலுத்தாய் சொல்லிவிட்டாள். அதனால் பதினோரு நிறம் வெயிலில் நின்றது. வழியனுப்ப யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஜனங்கள் ஒவ்வொருவராக, வேறு வேலையாக வந்தவர்கள் போல வந்து நின்றார்கள். எந்த ஊர்ப் பெண்கள் கப்பல் ஏறுகிறார்கள் என்று நாளைக்குப் பக்கத்து ஊரில் கேட்டால் செவல்குளத்துப் பெண்கள் என்றுதானே சொல்ல வேண்டும். அந்த நினைப்பு அவர்களுக்குள் எப்படியோ ஊறத் தொடங்கியிருந்தது. தவசிலிங்கம் கண்டக்டரிடம், நம்ம ஊர்த் தாய்மார்கள் தீவுக்குப் போகிறார்கள், உட்கார இடம் கொடு என்று அதிகாரமாகச் சொன்னார். பஸ் கிளம்பும் சமயத்தில் சங்கிலி வந்தான். ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"டீத்தூள். கப்பல்ல டீ நல்லா இருக்காதுன்னாங்க" என்றான்.

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்துக்கோங்க என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை. அவனே பார்த்துக்கொள்வான்.

கப்பலில் முதல் நாள் முழுக்கப் பேச்சியக்கா வாந்தியெடுத்தாள். மற்றவர்கள் எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டு படுத்துக் கிடந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் கிழவி எழுந்து முகம் கழுவி, தன்னை மேல்தளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். போனார்கள். நான்கு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே வானம், வேறொன்றும் இல்லை. பறக்கும் மீன்கள் எழும்பி எழும்பி விழுந்தன. பேச்சியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, இவ்வளவையும் யார்டி வெட்டி ஆழப்படுத்தினது என்று கேட்டாள். அந்தச் சிரிப்பில் கப்பல்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

பெரிய கப்பலிலிருந்து இறங்கி, சர்க்கார் படகில் ஏறி, வெள்ளைச்சிப்பித் தீவைத் தொலைவில் பார்த்தார்கள். அது தன் இடத்தில் இருந்தது. கண்மாயில் பார்த்த நோஞ்சான் தீவா இது என்று இருந்தது. தென்னைகள் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நிற்க, கடல் அதைச் சுற்றி வானம் முட்டும்வரை விரிந்து கிடந்தது. மணல் அப்போதுதான் கூட்டிவிட்ட முற்றம் போலச் சுத்தமாக இருந்தது. படகுத்துறையில் பிலோமினா நின்றாள், அவளுக்குப் பின்னால் மீன்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள், செவல்குளம் பள்ளியில் படித்த பிள்ளைகள் டீச்சர் பேரைச் சொல்லி நலம் விசாரித்தன.

துறையில் ஒரு மேஜை போட்டு, வருகிறவர்களை விசாரித்து அனுப்பும் சிப்பந்தி உட்கார்ந்திருந்தான். புதிதாக மாற்றலாகி வந்தவன், தீவு ஊருக்குப் போய்த் திரும்பிய கதை அறியாதவன். தமிழ் கொஞ்சம்தான் வந்தது. இவர்கள் வயசையும் பைகளையும் கருத்த கைகளையும் பார்த்தான். வேலைக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள் வேலுத்தாய். சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? இல்லை. கோயில், வேண்டுதல்? இல்லை. வைத்தியம்? கல்யாணம்? காரியம்? எல்லாவற்றுக்கும் அவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் கழுத்து நிமிர்ந்துகொண்டே வந்தது.

"பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டான் அவன்.

வேலுத்தாய் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள். கண்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற அதே குரலில், துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சும்மா வந்தோம்."

அவன் எழுதிக்கொண்டு அடுத்தவளைப் பார்த்தான். பேச்சியக்கா முன்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் ஊர்ப் பேரையும் தன் பேரையும் சொல்லி, அவன் கேட்கும் முன்பே, நானும் சும்மாதான் வந்தேன் என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக மேஜைக்கு முன்னால் வந்து நின்று அதையே சொன்னார்கள், ஒருத்தி வெட்கத்தோடு, ஒருத்தி சிரித்துக்கொண்டு, ஒருத்தி கண் கலங்கி, கடைசியில் வந்த ஜெயராணி பாட்டுப் பாடுகிற மாதிரி. சொல்லிவிட்டு, பைகளைத் துறையிலேயே விட்டுவிட்டு, பதினோரு நிறத்திலும் கடலைப் பார்த்து நடந்தார்கள்.